ஏரிக்கு வரும் வாய்க்காலை யார் பார்ப்பது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போதெல்லாம் புறநகர்த் தெருக்களில் மக்கள் இடுப்பளவு நீரில் நடக்கும் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. படத்துக்குக் கீழே பெரும்பாலும் ‘ஏரி ஆக்கிரமிப்பே காரணம்’ என்று ஒரு வரி இருக்கும். பல இடங்களில் அது உண்மைதான். ஆனால் ஏரிக்குள் ஒரு செங்கல்கூட விழாத ஊர்களிலும் தெரு மூழ்குகிறது. அதே ஊரில் மழை நின்ற மூன்றாம் மாதம் ஏரி வறண்டு கிடக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயும், நிரம்பியபின் நீரை வெளியே எடுத்துச் செல்லும் போக்குக்கால்வாயும் அறுந்துவிட்டன. நகரம் கிராமத்தை நெருங்கும்போது முதலில் தொலைபவை இவைதாம். ஏரியின் முறை அதன் பிறகே வருகிறது. எந்தக் கட்டத்தில், யார் கையெழுத்தில் இது நடக்கிறது என்பது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் இக்கடிதம்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. சமவெளிக் கிராமம் பெரும்பாலும் ஓர் ஏரியை வைத்தே அமைந்தது. மேட்டுப்பக்கம் மேய்ச்சல் நிலமும் புன்செயும். அங்கே பெய்யும் மழை கிளை வாய்க்கால்களில் சேர்ந்து வரத்துக்கால்வாய் வழியே ஏரிக்கு வரும். கரைக்கு ஓரமாகச் சற்று மேடான இடத்தில் நத்தம், அதாவது ஊரார் குடியிருக்கும் பகுதி. கரைக்குக் கீழே மதகு திறந்தால் நீர் பாயும் நன்செய், அதுதான் ஆயக்கட்டு. ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரிநீர் வழியும் கட்டுமானம்) வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். இந்த ஏற்பாட்டில் எல்லாமே மட்டக்கணக்கு. தரையின் சரிவு பல ஊர்களில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும். அந்தச் சரிவில் வாய்க்காலுக்குக் குறுக்கே அரை அடி மண் கிடந்தால், பின்னால் 150 மீட்டர் தூரத்துக்கு நீர் தேங்கி நிற்கும். பொக்லைன் ஓட்டுநர் இரண்டு வாளி மண்ணைத் தவறான இடத்தில் கொட்டினால் போதும், ஒரு தெருவின் மழைநீர் வேறு தெருவுக்குத் திரும்பிவிடும்.

மனைப்பிரிவு எப்படி அனுமதி பெறுகிறது என்று பாருங்கள். விண்ணப்பத்தோடு வைக்கும் பட்டா, வில்லங்கச் சான்று, அ-பதிவேட்டு (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) நகல், புலப்படம் (நில அளவை வரைபடம்) எல்லாமே புல எண் (சர்வே எண்) வாரியானவை. பெரிய வரத்துக்கால்வாய்க்குத் தனிப் புல எண் உண்டு. பதிவேட்டில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று இருக்கும், அதைத் தொட யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆனால் அதில் வந்து சேரும் கிளைகளில் பல, பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுபவை. அவற்றுக்கு எண் கிடையாது. புலப்படத்தில் ஒரு புள்ளிக்கோடாக இருக்கும், அதுவும் இல்லாமல் போகலாம். மேல்வயல்காரர் விட்டால்தான் கீழ்வயல்காரருக்கு நீர் என்ற ஊர் வழக்கு ஒன்றே அவற்றுக்குக் காவலாக இருந்தது. வயல் மனையானதும் அந்த வழக்கைக் கேட்க ஆள் இல்லை. ஒரே நாளில் நிலத்தைச் சமப்படுத்திக் கல் நட்டுவிடலாம். ஆவணப்படி அங்கே எதுவும் அழிக்கப்படவில்லை.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்ற காலத்தில்தான் இப்படி நடந்தது, இப்போது இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தது. அத்தகைய பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அதே ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்கு 2017 விதிகளின்படி வரன்முறை (பின்னர் முறைப்படுத்தும் ஒப்புதல்) கிடைத்தது. நீர்நிலையிலும் கால்வாயிலும் விழும் மனைகளுக்கு வரன்முறை கிடையாது என்று அந்த விதிகள் சொல்கின்றன, நல்லதுதான். பட்டாவுக்குள் ஓடிய வாய்க்காலோ எந்தப் பதிவேட்டிலும் கால்வாயாக இல்லை. ஆகவே அதன்மேல் விழுந்த மனை முறையாகவே வரன்முறையாகியிருக்கும். அதே கேள்வி இன்றைய அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளிலும் அப்படியே நிற்கிறது. அனுமதி ஒவ்வொரு நிலத்துண்டாகப் பரிசீலிக்கப்படுகிறது. நீரோ ஊர் முழுவதையும் ஒரே துண்டாகக் கொண்டு ஓடுகிறது.

சரி, வாய்க்காலை அழிக்காமல் ‘மாற்றி அமைக்கும்’ இடங்களில் என்ன ஆகிறது? மனைகள் சதுரமாக வர வேண்டும் என்பதற்காக, நிலத்தின் சரிவோடு வளைந்து வந்த வாய்க்காலை எல்லையோரம் தள்ளி, மூலையில் செங்கோணமாகத் திருப்புகிறார்கள். திருப்பத்தில் நீரின் வேகம் குறையும், வண்டல் அங்கேயே படியும். இரண்டாம் மழைக்குள் அந்த மூலை தூர்ந்து, நீர் நேராக, அதாவது பழைய தடத்திலேயே, இப்போது வீடுகள் இருக்கும் வழியில் போகப் பார்க்கும். சாலை குறுக்கிடும் இடத்தில் சிமென்ட் குழாய் ஒன்றைப் புதைத்து மூடுவார்கள். வழக்கமாகப் பார்ப்பது 600 மில்லிமீட்டர் குழாய்.

அதன் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள மண் வாய்க்கால், ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் விநாடிக்குச் சுமார் 45 கன அடி நீரைக் கொண்டுபோகும். அதே சரிவில் 600 மி.மீ. குழாய் முழுக்க நிரம்பி ஓடினாலும் விநாடிக்கு 7 கன அடிதான். ஏறக்குறைய ஏழு குழாய்கள் சேர்ந்தால்தான் ஒரு வாய்க்கால். அந்த ஒரு குழாயிலும் பாலித்தீன் பையும் தென்னை மட்டையும் வந்து அடைக்கும். இன்னொரு பக்கம், வரும் நீரும் கூடிவிடுகிறது. வயலும் புல்வெளியுமாக இருந்த 40 ஹெக்டேரில் மணிக்கு 60 மி.மீ. மழை கொட்டினால், பெய்ததில் 10-க்கு 3 பங்கு ஓடிவரும் என்று வைத்துக்கொண்டால் உச்ச வரத்து விநாடிக்குச் சுமார் 70 கன அடி. அதே இடம் கூரையும் சிமென்ட் தளமுமாகி 10-க்கு 8 பங்கு ஓடிவந்தால் 190 கன அடியை நெருங்கும். வரத்து இரண்டரை மடங்குக்கு மேல் ஏற, வழி ஏழில் ஒன்றாகச் சுருங்குகிறது. இதில் வயல் செய்துவந்த ஒரு வேலையைச் சேர்க்கவே இல்லை. வரப்பு கட்டிய நன்செய் ஓர் ஏக்கரில் அரை அடி நீர் நின்றால் அது 6 லட்சம் லிட்டர். ஓர் ஏக்கர் மனையாகும்போது அவ்வளவு நீர் இடமின்றித் தெருவுக்கு வருகிறது.

அடுத்தது மண் அடிப்பது. தாழ்வான நிலமாக இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று தேவை. அந்தச் சான்றில் வழக்கமாக வரும் நிபந்தனை, நிலத்தை இன்ன மட்டத்துக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பது. வாங்குபவரின் வீட்டுக்குள் நீர் வரக் கூடாது என்ற நோக்கில் அது சரியான நிபந்தனை. ஆனால் உயர்த்திய நிலத்தில் நின்றிருக்க வேண்டிய நீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. சவுடும் கிராவலும் லாரி லாரியாக வந்து மூன்று, நான்கு அடி ஏறுகிறது. அடுத்த மனைப்பிரிவுக்காரர் அதைப் பார்த்து இன்னும் அரை அடி கூட்டுகிறார். சாலையும் அதற்கு ஏற்ப உயர்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது நத்தம்.

பழைய நத்தத்தின் ஒரு வீட்டை நின்று பார்த்தால் இது புரியும். தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போகும்படி கட்டிய வீடு அது. படி மூன்றும் சேர்ந்து ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூட இருக்கும். சிமென்ட் சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் 15 முதல் 20 செ.மீ. ஏறும். மூன்றாவது சாலையில் படிகள் மண்ணுக்குள் போய்விடும், நான்காவதில் திண்ணை தெருவுக்குக் கீழே. அதன்பிறகு சாலையோரம் வடிகால் கட்ட வருகிறார்கள். வடிகாலின் மேல்விளிம்பு புதிய சாலை மட்டத்துக்குக் கட்டப்படுகிறது. அதனால் அதன் அடித்தளம் முற்றத்து நீர் வெளியேறும் தூம்பைவிட உயரமாகவோ, அதற்குச் சமமாகவோ அமைந்துவிடுகிறது. முற்றத்து நீர் வடிகாலுக்குப் போவதில்லை. வடிகாலில் ஓடுவது, கழிவுநீரோடு சேர்ந்து, தூம்பு வழியாக முற்றத்துக்கு வருகிறது. வீட்டுக்காரர் தூம்பை மூடி, வாசலில் ஒரு அடிச் சுவர் எழுப்பி, மழைக்காலத்தில் வாளியால் இறைக்கிறார். வசதி இருப்பவர் இடித்து உயர்த்திக் கட்டுவார். ஊரின் பள்ளப்பக்கத்தில் ஒதுக்கப்பட்ட காலனிகளில் அதற்கும் வழியில்லை. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தளம் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். பெரிய சாலைகளில் அதற்கான இயந்திரம் வருகிறது. நான்கு மீட்டர் அகல நத்தம் தெருவுக்குள் அதைக் கொண்டுவர யாரும் முனைவதில்லை.

கரைக்குக் கீழே நடப்பது வேறு வகை. ஆயக்கட்டு மனையானபின் மதகைத் திறக்கக் கேட்பவர் இல்லை. மடை திறக்கும் நீர்க்கட்டிக்குக் களத்தில் அளந்து கொடுத்த பங்கு விளைச்சலோடு நின்றுபோயிற்று. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். திருகுக்கம்பிக்கு எண்ணெய் போட ஆளில்லாமல் இரண்டு ஆண்டில் துரு ஏறி அடைப்பான் இறுகிவிடும். அதன்பின் ஏரிநீர் வெளியேறக் கலங்கல் ஒன்றுதான் வழி. பெருமழையை எதிர்பார்த்து முன்கூட்டியே மட்டத்தைக் குறைக்கும் வசதி போய்விட்டது. யாரோ மதகைச் சரிசெய்து திறந்தாலும், பாசன வாய்க்கால் இருந்த இடத்தில் தெருவும் வீடும் இருப்பதால் நீர் அங்கேதான் பாயும். ஏரியின் முழுநீர்மட்டத்தைவிட ஆயக்கட்டு தாழ்வானது. அந்த நிலத்துக்கு நீர் பாய வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். அங்கே வீடு வாங்குபவர் தன் மொட்டை மாடியிலிருந்து ஏரியைப் பார்த்து மகிழ்கிறார். தன் தரைத்தளம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. ஏரியின் உள்வாயில், அதாவது நீர் நிற்கும் பக்கம், வீடு கட்டியவர்களோ, நீர் ஏறக் கூடாது என்று கலங்கலை இரவோடு இரவாக உடைத்துவிடுவதும் உண்டு. சில அங்குலம் உடைந்தாலே ஏரியின் கொள்ளளவில் கணிசமான பகுதி போய்விடும், ஏனென்றால் ஏரி மேல்மட்டத்தில்தான் மிக அகலம்.

‘விவசாயி ஏன் விற்கிறார்?’ என்று எளிதாகக் கேட்டுவிடுகிறோம். பணத்தாசை என்பது பாதிப் பதில்கூட இல்லை. சாலையை ஒட்டிய முன்வரிசை நிலம் முதலில் போகும். சுற்றுச்சுவர் எழும். பின்னால் உள்ள வயலுக்கு வரப்புதான் வழியாக இருந்தது, வண்டிப்பாதை பதிவேட்டில் இல்லை. அறுவடை இயந்திரமும் டிராக்டரும் உள்ளே போக முடியாது. ஆள் வைத்து அறுத்தால் செலவு கட்டாது. அக்கம்பக்கம் தரிசாகிவிட்டால் எலியும் பறவையும் அவிழ்த்துவிட்ட மாடும் மிஞ்சிய ஒரு வயலில்தான் வந்து இறங்கும். வாய்க்கால் வெட்டப் பத்து வீட்டார் வந்த இடத்தில் இருவர் வந்தால் வேலை முடியாது. மூன்றாம் ஆண்டில் அவரும் தரிசு போடுவார், வழியில்லாத நிலம் என்பதால் குறைந்த விலைக்கே விற்பார். கிணறு வைத்திருப்பவர் நெல்லை விட்டுத் தண்ணீர் லாரிக்கு விடுவார். 12,000 லிட்டர் லாரி நாளைக்கு இருபது நடை போனால் 2.4 லட்சம் லிட்டர். அது ஆறு ஏக்கர் நெல்லுக்கு ஒரு நாளைக்குப் போதுமான நீர். வயலுக்குப் பாய்ச்சினால் அதில் ஒரு பங்கு அதே மண்ணில் இறங்கும். லாரியில் போனது திரும்பாது. நிலம் விற்றவருக்காவது கையில் பணம் உண்டு. நாற்று நட்ட பெண்களுக்கும் ஆடு மேய்த்தவருக்கும் குத்தகைக்காரருக்கும் இந்த மாற்றத்தில் எந்தக் கணக்கிலும் பெயர் இல்லை.

நிலத்தடி நீரைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. கழிவுநீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழி குடிநீர் ஊற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. 30-க்கு 40 அடி மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்தாலே 50 அடி, அதாவது 15 மீட்டர்தான். பாதாளச் சாக்கடை இல்லாத மனைப்பிரிவில் வீட்டுக்கு ஒரு ஆழ்துளைக் கிணறும் ஒரு உறிஞ்சுகுழியும் என்றால் அந்த விதியைக் கடைப்பிடிக்கவே வழியில்லை. பொதுக் கிணறு, பொதுச் சுத்திகரிப்பு என்று தொடக்கத்திலேயே வைத்தால்தான் உண்டு.

நிர்வாகத்துக்கு வருவோம். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 111 ஆக இருந்த ‘கணக்கெடுப்பு நகரங்கள்’ 2011-இல் 376 ஆயின. மக்கள்தொகை 5,000-க்கு மேல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாமல், ஆண் உழைப்பாளரில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மைக்கு வெளியே என்றால் கணக்கெடுப்புக்கு அது நகரம். நிர்வாகத்துக்கு அது ஊராட்சியாகவே இருக்கலாம். இந்த இடைக்காலத்தில்தான் வாய்க்கால்கள் அழிகின்றன. மனைப்பிரிவின் வரைபடத்தில் உள்ள மட்டங்களைச் சரிபார்க்க ஊராட்சியிடம் பொறியாளர் இல்லை. பிறகு ஊர் மாநகராட்சியோடு இணையும்போது நகரம் பொறுப்பேற்பது வாய்க்கால் இல்லாத வரைபடத்தைத்தான். சென்னை 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. விரிந்த பகுதியில் இன்னும் பெரும்பாலானவை கிராமங்கள், வாய்க்கால்கள் பலவும் இன்னும் இருக்கின்றன. ஆகவே காலம் கடந்துவிடவில்லை.

2025 ஜனவரியில் ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது பல ஊர் மக்கள் எதிர்த்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்று சொன்னார்கள். அவர்கள் கவலையைப் பிழைப்புக் கவலை என்று மட்டும் எடுத்துக்கொள்வது தவறு. வரத்துக்கால்வாயைத் தூர்வார ஊரிடம் இருந்த ஒரே ஆள்பலம் அந்த வேலைத்திட்டம்தான். கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடும். வாய்க்கால் அடைபட்டால் எழுந்து கேட்க அங்கே இடமிருந்தது. இணைந்த மறுநாள் இரண்டும் போகின்றன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரி நீர்வளத் துறையிடம், சிறியது ஊராட்சி ஒன்றியத்திடம் என்ற பழைய பிரிவினையும் குழம்பி, சின்ன ஏரியின் கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தேடும் நிலை வருகிறது.

நீரின் இடத்தில் நகரம் எழுவது புதிதல்ல என்பதற்குச் சென்னையின் தியாகராய நகரே சாட்சி. 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து அது அமைந்தது. அன்று தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடலாம். 2015 டிசம்பரில் சென்னைப் புறநகரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபின் அப்படிச் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. திட்டப் பகுதிக்குள் வரும் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு மட்ட வரைபடம் வேண்டும். கலங்கலின் மேல்விளிம்பை அடிப்படை மட்டமாக வைத்து, வரத்து, போக்குக் கால்வாய்களின் அடிமட்டத்தை 50 மீட்டருக்கு ஒன்றாகவும், மதகுகளின் அடிமட்டம், நத்தம் தெருக்களின் மிகத் தாழ்ந்த புள்ளிகள், சிறுபாலங்களின் திறப்பளவு ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். ஒரு லெவல் கருவியும் நான்கு பேரும் இருந்தால் நடுத்தர அளவுள்ள கிராமத்துக்கு இரண்டு, மூன்று வாரம் போதும். பட்டாவுக்குள் ஓடும் கிளைகளையும் இதில் குறித்துப் புல எண்ணோடு வெளியிட வேண்டும். பிறகு எந்த மனைப்பிரிவு விண்ணப்பமும் இந்த வரைபடத்தின்மேல் வைத்தே பார்க்கப்பட வேண்டும்.

2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானமாக எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவில், அந்த நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு, அதற்காகவே நிலத்தைத் துண்டுபோட்டு விண்ணப்பிக்கிறார்கள். வாய்க்கால் குறுக்கிடும் நிலத்தில் அந்தப் பண வழியை மூட வேண்டும். ஒதுக்கும் இடம் ஏதோ ஒரு மூலையில் சதுரப் பூங்காவாக அல்லாமல், வாய்க்காலின் இருகரையையும் ஒட்டிய நீளப்பட்டையாக இருக்க வேண்டும். தூர்வாரும் இயந்திரம் போகவும் அதுவே வழியாகும். வாய்க்காலைத் திருப்ப வேண்டியே வந்தால் வளைவாகத் திருப்பட்டும், செங்கோணம் கூடாது. சாலைக் குறுக்கில் குழாய் வேண்டாம், வாய்க்காலின் முழு அகலத்துக்குப் பெட்டிப் பாலம் போடட்டும்.

நீர்வளத் துறைச் சான்றில் குறைந்தபட்ச உயரத்தோடு அதிகபட்ச உயரமும் எழுத வேண்டும். பக்கத்து நத்தம் தெருவின் மட்டத்தையும் அதே தாளில் குறிக்க வேண்டும். சான்றின் நகலைக் கிராமசபையில் வைத்துப் படிக்கட்டும். இணைந்த ஊர்களில் ஏரிக்கு ஒருவராக நீர்க்கட்டிப் பணியிடத்தை மாநகராட்சியே சம்பளத்தோடு உருவாக்கலாம். மதகுக்கு எண்ணெய் போடுவது, அடைப்பானை மாதம் ஒருமுறை இயக்கிப் பார்ப்பது, செப்டம்பருக்குள் சிறுபாலங்களின் அடைப்பை எடுப்பது, கலங்கல் உடைபட்டால் அன்றே தெரிவிப்பது அவர் வேலை. வயல்வேலை இழந்த குடும்பங்களில் இருந்தே அவர்களை எடுக்க வேண்டும்.

அளக்கும் குழு ஆடி, ஆவணியில் போவது நல்லது. வாய்க்கால் காய்ந்து புதர் குறைந்து தடம் தெரியும் மாதங்கள் அவை. பழைய நீர்க்கட்டிகள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள், எழுபதைக் கடந்தவர்கள். புலப்படத்தில் இல்லாத மடையையும் கிளையையும் பெயர் சொல்லிக் காட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம். கருவி பிடிப்பவருக்கு முன்னால் அவர்களை நடக்கச் சொல்லுங்கள், கிராம நிர்வாக அலுவலர் அவர்கள் காட்டும் இடத்தில் கல் நட்டுப் புல எண்ணை எழுதிக்கொள்ளட்டும். அடுத்த ஆடிக்குள் முதல் நூறு கிராமங்களிலாவது இது தொடங்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நில அளவையிலும் பாசனப் பணியிலும் உள்ள வாசகர்கள் சிலர்